சட்டைக் கையில் இருந்த பட்டை

(சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டில் இருக்கும் பழைய தாள்களைக் கொண்டு வரலாறு கற்பிப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். பொதுவாகப் பேசினால் நன்றாக இருக்கும். ஆனால் நாளைக்கு வகுப்பில் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அதனால் ஒரே ஒரு வகைத் தாளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கடற்படையில் வேலை பார்த்த ஒருவரின் பணிப் பதிவுத் தாள் அது. அதை எப்படிப் படிப்பது, அதில் உள்ள பதவிகளுக்கும் சட்டையில் இருந்த சின்னங்களுக்கும் என்ன பொருள், அதை ஒரு மலைக் கிராமத்து வகுப்பறைக்குள் கொண்டுவந்தால் என்ன நடக்கும் என்பதைச் சொல்கிறேன்.

மலைக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். 1939-இல் போர் தொடங்கியபோது ராயல் இந்தியக் கடற்படை மிகச் சிறியது. விரல்விட்டு எண்ணக்கூடிய போர்க்கப்பல்களும் இரண்டாயிரம் பேருக்கும் குறைவான ஆட்களுமே இருந்தார்கள். 1945-இல் அது சுமார் 30,000 பேர் கொண்ட படையாகிவிட்டது. அதுவரை குறிப்பிட்ட சில பகுதிகளில் மட்டுமே ஆள் எடுத்தவர்கள், போர் நெருக்கியதும் எல்லா மாகாணங்களிலும் எடுத்தார்கள். சென்னை மாகாணத்திலிருந்து ஏராளமானோர் போனார்கள். கடலையே பார்த்திராத ஊர்களிலிருந்தும் போனார்கள். அப்படிப் போனவர்களில் ஒருவர் என் அம்மாவின் அப்பா. மலையிலிருந்து நடந்தே இறங்கி, கொடைக்கானல் ரோடு நிலையத்தில் ரயிலேறிப் போனதாக அம்மாச்சி சொல்லும். எங்கள் ஊரில் இன்றும் அந்த வீட்டுக்குக் 'கப்பக்காரர் வீடு' என்றுதான் பெயர்.

அவருடைய தாள் எங்களிடம் இருக்கிறது. ஒரு புகைப்படமும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் விஷயம் விளங்கும். தாளிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் இருப்பது எண். கடற்படையில் ஒவ்வொரு மாலுமிக்கும் ஓர் அலுவல் எண் உண்டு. பெயரைவிட இது முக்கியம். நம் ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். ஒரே ஆளின் பெயர் ஒரு பக்கத்தில் ஒரு மாதிரியும் அடுத்த பக்கத்தில் வேறு மாதிரியும் இருக்கும். தகப்பன் பெயரும் ஊர்ப் பெயரும் இடம் மாறிக் கிடக்கும். எண் மட்டும் மாறாது. பழைய பதிவு எதையும் தேடிப் போகிறவர்கள் முதலில் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது பிறந்த இடம். எங்கள் தாத்தாவின் தாளில் 'மதுரா ஜில்லா' என்று இருக்கிறது. பிள்ளைகளிடம் காட்டினால் வட இந்தியாவில் இருக்கும் மதுராவா என்று கேட்பார்கள். அது நம் மதுரைதான். திண்டுக்கல் மாவட்டம் 1985-இல்தான் பிரிந்தது. அதற்கு முன் இந்த மலை முழுவதும் மதுரை மாவட்டம். மாவட்டப் பிரிவினையை மனப்பாடம் செய்ய வைப்பதைவிட, இந்த ஒரு சொல்லைக் காட்டி 'ஏன் இப்படி இருக்கிறது?' என்று கேட்டால் போதும். பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

அதற்குக் கீழே உயரம், நிறம், உடம்பில் உள்ள தழும்பு, சேர்வதற்கு முன் பார்த்த தொழில், நெருங்கிய உறவினர் பெயர். புகைப்படம் ஒட்டும் வழக்கம் பரவலாகாத காலத்தில் ஆளை அடையாளம் காணத் தழும்புதான் உதவியது. தாத்தாவுக்கு இடது முழங்காலில் தழும்பு இருந்ததை எங்கள் அம்மாவே இந்தத் தாளைப் பார்த்துத்தான் நினைவுபடுத்திக்கொண்டார்கள்.

பிறகு வருவது கப்பல்களின் பட்டியல். இங்கேதான் பலரும் வழிதவறுவார்கள். பட்டியலில் எட்டுப் பெயர் இருந்தால் எட்டுக் கப்பலில் உலகம் சுற்றினார் என்று எண்ணிவிடக் கூடாது. கடற்படை வழக்கப்படி கரையில் இருக்கும் பயிற்சிப் பள்ளிக்கும் முகாமுக்கும்கூடக் கப்பலைப் போலவே பெயர் வைப்பார்கள். எச்.எம்.ஐ.எஸ். தல்வார் என்பது பம்பாயில் இருந்த தகவல் தொடர்புப் பயிற்சிப் பள்ளி. சிவாஜி என்பது லோனாவாலாவில் இருந்த இயந்திரப் பயிற்சி நிலையம். வெண்டுருத்தி கொச்சியில், சர்க்கார்ஸ் விசாகப்பட்டினத்தில், அடையாறு சென்னையில். இவை எதுவும் மிதக்காது. ஐ.என்.எஸ். அடையாறு என்ற பெயரில் சென்னையில் இன்றும் கடற்படைத் தளம் இருக்கிறது.

உண்மையான கப்பல்களில் ஒரு வரிசைக்கு நம் ஆறுகளின் பெயர். சட்லெஜ், ஜம்னா, நர்படா, கோதாவரி, கிஸ்ட்னா, காவேரி. எங்கள் தாத்தாவின் தாளில் இருக்கும் கப்பல் 'காவேரி'. பிரிட்டனில் கட்டிய போர்க்கப்பல். போர் நடந்துகொண்டிருக்கும்போதே பணிக்கு வந்தது. இந்த வரிசையில் நர்படாவும் கோதாவரியும் 1947-இல் நாடு பிரிந்தபோது பாகிஸ்தானுக்குப் போயின. வீட்டுச் சொத்தைப் பங்கு போடுவது போலக் கப்பல்களையும் பங்கு போட்டார்கள். பிரிவினை என்றால் எல்லைக்கோடு மட்டுமே என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இது புதிய செய்தி.

இனி பதவிக்கு வருவோம். கடற்படையில் அதிகாரிகள் ஒரு வரிசை, மாலுமிகள் ஒரு வரிசை. மாலுமிகளில் கீழிருந்து மேலாக ஆர்டினரி சீமேன், ஏபிள் சீமேன், லீடிங் சீமேன், பெட்டி ஆபீசர், சீஃப் பெட்டி ஆபீசர். 'ஆபீசர்' என்ற சொல் இருப்பதால் பெட்டி ஆபீசரை அதிகாரி என்று எண்ணக் கூடாது. அவர் மாலுமிகளில் மூத்தவர், தரைப்படையின் ஹவில்தாருக்கு இணையானவர். அதிகாரிகளின் சட்டைக் கையில் தங்க நிறப் பட்டை வளையமாக ஓடும். மேல் வளையத்தில் ஒரு சுருக்கு இருக்கும். சப் லெப்டினன்டுக்கு ஒன்று, லெப்டினன்டுக்கு இரண்டு, கமாண்டருக்கு மூன்று, கேப்டனுக்கு நான்கு. தரைப்படை கேப்டனும் கடற்படை கேப்டனும் ஒன்றல்ல. தரைப்படையில் கேப்டன் இளநிலை அதிகாரி. கடற்படையில் கேப்டன் என்றால் தரைப்படையின் கர்னலுக்குச் சமம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மலையில் பல வீடுகளில் 'எங்க தாத்தா கப்பல்ல கேப்டன்' என்று சொல்வார்கள். எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். அந்தக் காலத்தில் இந்தியர் ஒருவர் கடற்படையில் அதிகாரியாவதே அரிது. டி.என். முகர்ஜி என்பவர் 1928-இல்தான் முதல் இந்திய அதிகாரியாக நியமனம் பெற்றார். செங்கல்பட்டில் பிறந்த ராம்தாஸ் கடாரி 1958-இல் கடற்படையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் ஆனார். நாடு விடுதலை பெற்றுப் பத்தாண்டுகளுக்குப் பிறகுதான் அது நடந்தது. இந்தப் பின்னணி தெரிந்தால், எழுதப் படிக்கக் கொஞ்சமே தெரிந்த ஒரு மலைக்கிராமத்து இளைஞர் நான்கே ஆண்டில் கேப்டன் ஆகியிருக்க முடியாது என்பது பிள்ளைகளுக்கே புரியும்.

தாளில் எங்கள் தாத்தாவின் பதவி 'ஸ்டோக்கர்'. கொதிகலனுக்குத் தீ மூட்டுகிறவர். நிலக்கரியை அள்ளிப் போட்ட காலத்தில் வந்த பெயர். எண்ணெய் எரிக்கும் கப்பல்கள் வந்த பின்னும் பெயர் மாறவில்லை. கம்பளி இல்லாமல் விடியற்காலையில் வெளியே வர முடியாத ஊரில் பிறந்தவர், கப்பலின் அடிவயிற்றில், கொதிகலனுக்கு எதிரில் நின்று வேலை பார்த்திருக்கிறார். ஊருக்குத் திரும்பிய பிறகு மார்கழிக் குளிரிலும் சட்டையில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார் என்று அம்மா சொல்வார்கள். ஏன் என்று எங்களுக்கு இந்தத் தாளைப் படித்த பிறகு ஓரளவு விளங்கியது.

இப்போது புகைப்படம். வெள்ளைச் சட்டை, தொப்பி. தொப்பி நாடாவில் எச்.எம்.ஐ.எஸ். என்று மட்டும் இருக்கிறது, கப்பலின் பெயர் இல்லை. போர்க்காலத்தில் எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்று எதிரிக்குத் தெரியக் கூடாது என்பதற்காகப் பெயரை எடுத்துவிட்டார்கள். இடது கையில் 'வி' வடிவத்தில் ஒரே ஒரு பட்டை. வலது கையில் கப்பலின் பின்புறம் சுழலும் விசிறி போன்ற ஒரு சின்னம்.

இரண்டு கையையும் தனித்தனியாகப் படிக்க வேண்டும். வலது கை, அவர் என்ன வேலை பார்த்தார் என்று சொல்லும். விசிறி என்றால் ஸ்டோக்கர். இறக்கையும் மின்னலும் இருந்தால் தந்திப் பணியாளர். குறுக்காக வைத்த இரண்டு கொடிகள் இருந்தால் கொடிகாட்டிச் செய்தி அனுப்புகிறவர். இடது கை, அவருடைய பதவியையும் பணிக்காலத்தையும் சொல்லும். ஒரு நங்கூரம் இருந்தால் லீடிங் சீமேன். இரண்டு நங்கூரங்கள் குறுக்காக இருந்து மேலே கிரீடம் இருந்தால் பெட்டி ஆபீசர். குடியரசான பிறகு கிரீடத்தின் இடத்துக்கு நம் சிங்க முத்திரை வந்தது. சீஃப் பெட்டி ஆபீசருக்குக் கையில் சின்னம் கிடையாது. மணிக்கட்டுப் பக்கம் மூன்று பித்தளைப் பொத்தான்கள் இருக்கும்.

அந்த 'வி' பட்டைக்கு வருகிறேன். இதைப் பிள்ளைகளிடம் காட்டினால் உடனே, 'போலீஸ் டீச்சர்' என்பார்கள். மூன்று பட்டை போட்ட ஏட்டையாவை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். தரைப்படையிலும் ஒரு பட்டை லான்ஸ் நாயக், இரண்டு பட்டை நாயக், மூன்று பட்டை ஹவில்தார். கடற்படையில் இந்தப் பட்டை பதவியே அல்ல. அதற்குப் பெயர் நன்னடத்தைப் பட்டை. பிரிட்டிஷ் கடற்படையின் அந்தக்கால விதிப்படி மூன்று ஆண்டுகள் கெட்ட பெயர் எடுக்காமல் வேலை பார்த்தால் ஒன்று, எட்டு ஆண்டில் இரண்டாவது, பதின்மூன்று ஆண்டில் மூன்றாவது. இந்தியக் கடற்படையும் பிரிட்டிஷ் கடற்படையின் வழக்கத்தை ஒட்டியே நடந்தது. தவறு செய்தால் பட்டையைப் பறிப்பார்கள், திருந்தினால் திருப்பித் தருவார்கள். தாளில் வழங்கியதற்கு ஓர் எழுத்து, பறித்ததற்கு ஓர் எழுத்து, திருப்பித் தந்ததற்கு ஓர் எழுத்து என்று குறித்திருப்பார்கள். மூன்று பட்டையோடு பதின்மூன்று ஆண்டுக்கு மேல் இருந்தும் ஏபிள் சீமேனாகவே ஓய்வு பெற்றவர்கள் உண்டு. அவர்களுக்குக் கப்பலில் தனி மரியாதை.

எங்கள் தாத்தா 1942 ஆகஸ்டில் சேர்ந்தார். 1945 ஆகஸ்டில் பட்டை வழங்கியதாகப் பதிவு. மூன்று ஆண்டுக் கணக்கு சரியாக இருக்கிறது. புகைப்படம் எப்போது எடுத்தது என்று யாருக்கும் தெரியாமல் இருந்தது. பட்டை இருப்பதால் அது 1945 ஆகஸ்டுக்குப் பிறகு எடுத்தது என்று சொல்லிவிடலாம். தாளும் படமும் ஒன்றையொன்று இப்படித்தான் சரிபார்க்கும். வரலாற்றில் சான்று என்று நாம் சொல்வதை எட்டாம் வகுப்புப் பிள்ளை தன் கையால் செய்து பார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

அடுத்து நடத்தை. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31 அன்று நடத்தைக்கும் திறமைக்கும் தனித்தனியாக மதிப்பீடு எழுதுவார்கள். 'வி.ஜி.' என்றால் மிக நன்று. திறமைக்கு மேலானது, போதுமானது, சுமாரானது என்ற தரங்கள். நாம் போடும் தரநிலை அட்டை மாதிரிதான்.

கடைசிக் கட்டம், பணியிலிருந்து விலகிய காரணம். இதைப் படிக்கும்போது மிகுந்த கவனம் வேண்டும். 'டி.டி.' என்று இரண்டு எழுத்து இருந்தால் பணியிலிருக்கும்போதே இறந்தார் என்று பொருள். 'ரன்' என்று இருந்தால் சொல்லாமல் ஓடிப்போனவர். 'சேவை இனித் தேவையில்லை' என்று எழுதியிருந்தால் வேண்டாம் என்று அனுப்பப்பட்டவர். சும்மா 'விடுவிக்கப்பட்டார்' என்றிருந்தால் போர் முடிந்து ஆள்குறைப்பில் வீட்டுக்கு வந்தவர்.

எங்கள் தாத்தாவின் தாளில் 1946 ஆகஸ்ட், விடுவிக்கப்பட்டார், நடத்தை வி.ஜி. என்று இருக்கிறது. என் மாமாவுக்கு இதில் ஒரு வருத்தம். 1946 பிப்ரவரி 18-ஆம் தேதி பம்பாயில் தல்வார் தளத்தில் மாலுமிகள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். மோசமான சாப்பாடு, அதிகாரிகளின் இழிவான பேச்சு ஆகியவற்றை எதிர்த்துத் தொடங்கியது, சில நாளில் சுமார் 78 கப்பல்களுக்கும் 20 கரைத் தளங்களுக்கும் பரவியது. கராச்சி, கல்கத்தா, சென்னை, விசாகப்பட்டினம் எங்கும் அதன் எதிரொலி இருந்தது. பிப்ரவரி 23-இல் அது முடிவுக்கு வந்தது. நூற்றுக்கணக்கானோர் வேலையை இழந்தார்கள். விடுதலைப் போராட்ட வரலாற்றில் இந்த எழுச்சியை நாம் பாடமாகவே நடத்துகிறோம். தன் அப்பாவும் அதில் இருந்தார் என்று மாமா உறுதியாக நம்பினார். தாளைப் பார்த்தால் அந்தப் பிப்ரவரியில் தாத்தா சென்னை அடையாறு தளத்தில் இருந்திருக்கிறார். அங்கேயும் கொந்தளிப்பு இருந்தது. அவர் கலந்துகொண்டாரா? தாள் சொல்லவில்லை. 'இருந்திருக்கலாம் மாமா, ஆனா இந்தத் தாள வச்சு அப்படிச் சொல்ல முடியாது' என்றுதான் நான் சொன்னேன். பிள்ளைகளுக்கும் இந்த வரியைத்தான் பழக்க வேண்டும். தெரிந்தது இவ்வளவு, நம் ஆசை இவ்வளவு என்று பிரித்துச் சொல்லப் பழகிய பிள்ளை, கைப்பேசியில் வரும் செய்தியையும் அப்படியே நம்பிவிடாது.

இந்தத் தாளுக்கு வேறு பயனும் உண்டு. மாலுமிகளுக்கு ஓய்வூதியம் கிடைக்கப் பதினைந்து ஆண்டுப் பணி வேண்டும். நான்கு ஆண்டு வேலை பார்த்த தாத்தாவுக்கு அது இல்லை. ஆனால் இரண்டாம் உலகப் போரில் பணியாற்றி ஓய்வூதியம் இல்லாதவர்களுக்கும் அவர்களுடைய மனைவியருக்கும் தமிழ்நாடு அரசு மாதந்தோறும் நிதியுதவி வழங்குகிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாக அம்மாச்சிக்கு அது கடைசிவரை கிடைத்தது. தகரப் பெட்டியின் அடியில் இந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் கிடைத்தது. பழைய தாளைக் குப்பையில் போடாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இந்த ஒரு காரணமே போதும்.

இனி வகுப்பறையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பிள்ளையின் பெயரும் ஊரும் வேண்டாம். அவருடைய அம்மாவிடம் கேட்டுத்தான் இதை இங்கே சொல்கிறேன்.

எட்டாம் வகுப்பில் 'எங்கள் வீட்டில் ஒரு பழைய தாள்' என்று செயல்பாடு கொடுத்திருந்தேன். ஒரே ஒரு விதி: வகுப்பில் காட்டுவதற்கு முன் என்னிடம் தனியாகக் காட்ட வேண்டும். ஒரு மாணவி, கொள்ளுத்தாத்தாவின் கடற்படைத் தாளின் நகலைக் கொண்டுவந்தாள். கண்ணெல்லாம் பெருமை. 'டீச்சர், எங்க கொள்ளுத்தாத்தாவும் கப்பல்ல சண்ட போட்டவரு' என்றாள். எண், ஊர், கப்பல், நடத்தை எல்லாவற்றையும் அவளே படித்தாள். பதவி என்ற இடத்தில் நின்றுவிட்டாள். 'டோபாஸ்னா என்ன டீச்சர்?'

டோபாஸ் என்பது கப்பலில் துப்புரவு வேலை செய்தவர்களுக்கான பதவிப் பெயர். கழிப்பறைகளையும் தளங்களையும் சுத்தம் செய்கிறவர். அந்தப் பெயர் விடுதலைக்குப் பிறகும் நீடித்தது. இப்போது கடற்படையில் அந்தப் பணிக்கு ஆளெடுக்கும் விளம்பரங்களில் சுகாதாரப் பணியாளர் என்ற பொருள்படும் வேறு பெயர் இருக்கிறது.

நான் அவளிடம் உள்ளதைச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, 'நான் வேற தாள் கொண்டாரேன் டீச்சர்' என்றாள். சரி என்றேன். கட்டாயப்படுத்த எனக்கு உரிமை இல்லை. ஆனால் அன்றைக்கு அவளை அப்படியே அனுப்பவும் மனம் வரவில்லை. 'சேர்றதுக்கு முன்னாடி என்ன தொழில்னு போட்டிருக்கு, பார்த்தியா?' என்று கேட்டேன். மறுபடி பிரித்துப் பார்த்தாள். விவசாயக் கூலி என்று இருந்தது. 'அப்புறம் ஏன் டீச்சர் அவர மட்டும் கூட்டுற வேலைக்குப் போட்டாங்க?' என்றாள்.

நண்பர்களே, என் இருபது ஆண்டுப் பணியில் இதைவிட நல்ல வரலாற்றுக் கேள்வியை எந்த மாணவரும் என்னிடம் கேட்டதில்லை. ஒரே மலையிலிருந்து, ஒரே போருக்குப் போன இரண்டு பேர். ஒருவர் கொதிகலனுக்குப் போனார், இன்னொருவர் துடைப்பத்துக்குப் போனார். என்ன வேலை என்று தாள் சொல்லும். ஏன் அந்த வேலை என்று அது சொல்லாது. அதற்கு நம் ஊரைப் படிக்க வேண்டும், ஆள் எடுத்தவர்களின் மனத்தைப் படிக்க வேண்டும். தீண்டாமையை ஒழிக்கும் அரசமைப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு ஏன் தேவைப்பட்டது என்று படிக்க வேண்டும். அந்தச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரி 26 அன்று. அவருடைய தாளில் கடைசித் தேதி 1946.

பிறகு என் தாத்தாவின் தாளையும் எடுத்து, இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். என் தாத்தாவுக்கு ஒரு நன்னடத்தைப் பட்டை, அவளுடைய கொள்ளுத்தாத்தாவுக்கும் ஒரு நன்னடத்தைப் பட்டை. இவருக்கும் ஆண்டுதோறும் வி.ஜி., அவருக்கும் வி.ஜி. இருவருக்கும் போர்ப் பதக்கம். 1939–45 போர்ப் பதக்கம் 28 நாள் முழுநேரப் பணி செய்த யாருக்கும் உண்டு. அட்மிரலுக்கும் அதுதான், டோபாஸுக்கும் அதுதான். நூற்றுக்கணக்கானோர் நெருக்கியடித்து வாழும் கப்பலில் வயிற்றுப்போக்கு பரவினால் பீரங்கி இருந்தும் பயனில்லை. கப்பல் மூழ்கினால் கடலுக்கு ஆள் வித்தியாசம் தெரியாது. மும்பையில் மாலுமிகள் இல்லத்தில் இருக்கும் போர் நினைவுச் சின்னம், கடலே கல்லறையாகிப்போன நானூறுக்கும் மேற்பட்ட கடற்படையினருக்கும் ஏறத்தாழ 6,000 வணிகக் கப்பல் பணியாளர்களுக்கும் உரியது. அவர்களில் சமையற்காரர்களும் தீ மூட்டியவர்களும் துப்புரவுப் பணியாளர்களும் உண்டு. இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். அவள் எதுவும் சொல்லாமல் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து அவளுடைய அம்மா பள்ளிக்கு வந்தார்கள். காய்கறித் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவர். அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். சண்டைக்கு வந்திருக்கிறாரோ என்று தலைமையாசிரியருக்குக்கூடச் சந்தேகம். உட்கார்ந்ததும் கேட்டார்கள்: 'டீச்சர், அந்தத் தாள்ல என்ன எழுதியிருக்குன்னு எனக்கும் ஒருக்கா படிச்சுக் காட்டுங்க.' முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்துக் காட்டினேன். முடித்ததும் சொன்னார்கள்: 'என்ன வேலைன்னு தாத்தா எங்ககிட்டச் சொன்னதே இல்ல. கப்பல்ல இருந்தேன்னு மட்டுந்தான் சொல்லுவாரு. இப்ப ஏன் சொல்லலேன்னு தெரியுது.' கொஞ்ச நேரம் கழித்து, 'பாப்பா படிக்கட்டும் டீச்சர். அவரு ஒண்ணும் திருடல' என்றார்கள்.

அடுத்த வாரம் அந்தப் பிள்ளை வகுப்பில் எழுந்து நின்று படித்தாள். ஐந்து வரிதான். கொள்ளுத்தாத்தா எந்த ஆண்டு சேர்ந்தார், எந்தத் தளங்களில் இருந்தார், டோபாஸ் என்றால் என்ன, எத்தனை முறை மிக நன்று என்று எழுதியிருக்கிறார்கள் என்று வரிசையாகச் சொன்னாள். ஐந்தாவது வரி கேள்வியாக இருந்தது: 'விவசாய வேலை தெரிந்தவரை ஏன் இந்த வேலைக்கு எடுத்தார்கள்?' வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அன்றைய பாடவேளை முழுவதும் அந்தக் கேள்வியிலேயே போனது.

இதைச் செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில சொற்கள்.

எந்தத் தாளையும் வகுப்பில் விரிப்பதற்கு முன் நீங்கள் படித்துவிடுங்கள். 'ரன்', 'சேவை இனித் தேவையில்லை' போன்ற சொற்களை நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு பிள்ளை முதல் முறையாக எதிர்கொள்ளக் கூடாது. வீட்டாரின் சம்மதம் கட்டாயம். அசல் தாளை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். பார்த்த அன்றே திருப்பிக் கொடுங்கள், நகலில் வேலை செய்யுங்கள்.

தாள் தொலைந்திருந்தால் புகைப்படத்தை வைத்துத் தொடங்குங்கள். இடது கை, வலது கை, தொப்பி, பொத்தான் என்று பிள்ளைகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். அலுவல் எண் கிடைத்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். மாலுமிகளின் பதிவுகளைப் பராமரிக்கும் கடற்படைப் பணியகம் மும்பையில் இருக்கிறது.

எல்லா வீட்டிலும் கப்பல்காரர் இருக்கமாட்டார். நம் வகுப்புகளில் பளியர் குடும்பத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து மலையில் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். தாயகம் திரும்பியோருக்குக் கொடுத்த குடும்ப அட்டை, எஸ்டேட் கூலிச் சீட்டு, பட்டா, பழைய ரேஷன் அட்டை, சாதிச் சான்று எதுவானாலும் இதே முறையில் படிக்கலாம். யார் எழுதினார்கள், எதற்காக எழுதினார்கள், எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது, எதற்குக் கட்டமே இல்லை என்று கேட்டால் போதும். தாளே இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு, ஏன் தாள் இல்லை என்பதே நல்ல பாடம். அந்தப் பிள்ளை பாட்டியிடம் கேட்டு எழுதி வருவதற்கும் அதே மதிப்பெண் கொடுங்கள்.

பதவியைச் சரியாகப் படிக்கச் சொல்லிக் கொடுப்போம். ஸ்டோக்கரைக் கேப்டன் என்று உயர்த்தவும் வேண்டாம், டோபாஸ் என்ற சொல்லை மடித்துப் பைக்குள் வைக்கவும் வேண்டாம். ஓர் ஆள் கப்பலில் எந்த இடத்தில் நின்றார் என்பதைப் பதவி சொல்லும். அந்த இடத்தில் அவர் எப்படி நின்றார் என்பதை நடத்தைப் பட்டை சொல்லும். அவரை யார் அங்கே நிறுத்தினார்கள் என்பதை நாம் வகுப்பில் கேட்க வேண்டும்.

அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்கு ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் ஒரே ஒரு தாளின் நகல் வந்தால், நம் மலைக்கென்று ஒரு சிறு தொகுப்பைத் தொடங்கிவிடலாம். பெயர் வெளியிட விரும்பாத வீடுகளின் பெயரை மறைத்துவிடலாம். நான் என் தாத்தாவின் தாளை முதல் தாளாகக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.